ஸ்பாஞ்சில் ஒரு வட்டம்

ஒரே வீட்டின் நடுவே சுவர் எழுப்பி, இந்தப் பக்கம் அண்ணனும் அந்தப் பக்கம் தம்பியுமாகக் குடியிருந்தார்கள். சுவர் சண்டையால் வந்ததல்ல. குழாய்க்குப் போடும் வாஷர்களை அண்ணன் வெட்டும் பட்டறையிலிருந்து பறக்கும் ரப்பர் தூள் தம்பி வீட்டுச் சோற்றில் விழக் கூடாது என்று இருவரும் கலந்து பேசி, சேர்ந்து நின்று கட்டியது. சண்டை அதற்குப் பிறகுதான் வந்தது. வந்தபோது சுவர் தயாராக இருந்ததால் வேலை மிச்சமாயிற்று.

உறவுக்காரர் வீட்டு விசேஷத்தில் யாரோ அண்ணனிடம் என்னவோ கேட்க, அவர் "என்னது?" என்றார். மறுபடி கேட்க, மறுபடி "என்னது?" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பி, "இன்னும் சத்தமா கேளுங்க. எங்க அண்ணன் காதை மெஷின் தின்னு ரொம்ப நாளாச்சு" என்றான். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார், ஏனென்றால் அவருக்கு அது கேட்கவில்லை. வீடு திரும்பும் வழியில் மனைவி சொல்லித்தான் தான் எதற்குச் சிரித்தோம் என்பது அவருக்குத் தெரிந்தது. இனி அவனிடம் பேசினால் தன் பெயரை மாற்றி வைக்கும்படி மனைவியிடம் சொல்லிவிட்டார்.

அதன்படியே பேசவில்லை. ஆனால் நாள் முழுக்க வாஷரை அடித்து வெட்டும் பிரஸ் மெஷினுக்கு முன் நின்று, அதன் இரைச்சலுக்கு மேல் கத்திக் கத்திப் பழகிய குரல் அவருடையது. மனைவியிடம் உப்பு குறைவு என்று சொன்னாலும், பட்டறைக்கு வந்தவர்களிடம் சேதி கேட்டாலும், அது சுவரைத் தாண்டிவிடும். தம்பியிடம்தான் அவர் பேசவில்லையே தவிர, தம்பிக்குக் கேட்காமல் ஒரு வார்த்தையும் பேசியதில்லை.

தம்பியின் பிழைப்போ காதை நம்பியது. கம்பெனிகள் தங்கள் கூட்டங்களைப் பதிவு செய்து அனுப்புவார்கள். அவன் அதைக் கேட்டு, யார் என்ன பேசினார் என்று ஒரு சொல் விடாமல் தட்டச்சு செய்து கொடுக்க வேண்டும். முன்பு அலுவலகத்தில் உட்கார்ந்து செய்தான். அலுவலகம் ஆட்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்லிவிட்டது. அன்றிலிருந்து அவன் மேஜை, சுவருக்கு அந்தப் பக்கம். அண்ணனின் பிரஸ், சரியாக இந்தப் பக்கம். ஒரு பெரிய மனிதர் "நமது நிறுவனத்தின் எதிர்காலம்" என்று ஆரம்பிப்பார், டொக். எதிர்காலம் என்ன ஆகும் என்பது டொக்கில் போய்விடும். பின்னால் ஓட்டிக் கேட்டால் இன்னொரு டொக்.

தனியாக இருந்து இருந்து, பதிவில் பேசுகிறவர்களுக்கு வாய்விட்டுப் பதில் சொல்லும் வழக்கமும் அவனுக்கு வந்துவிட்டது. "முழுங்காம பேசுய்யா." "இதைத்தானே போன வாரமும் சொன்ன?" அவன் மனைவி முதலில் பயந்தாள், பிறகு பழகிக்கொண்டாள்.

கடையில் வாங்கிய ஹெட்போன்கள் எதுவும் டொக்கை நிறுத்தவில்லை. ஆகவே தானே ஒன்று செய்துவிடுவது என்று தீர்மானித்தான். பழைய ஹெட்போனிலிருந்து ஒலிக்கும் பாகங்களைக் கழற்றினான். தேங்காய் மூடி அளவுக்கு மரக் கிண்ணம் இரண்டு கடைந்து வாங்கினான். தலையில் மாட்டும் பட்டையை வளைத்தான். எல்லாம் ஒழுங்காகவே வந்தது, காதைச் சுற்றி உட்கார வேண்டிய ஸ்பாஞ்சு வளையம் வரும் வரை.

இரண்டு விரல் கனமுள்ள, மெத்தென்ற ஸ்பாஞ்சு. அதன் நடுவே காது நுழையும் அளவுக்கு ஒரு வட்டத் துளை. துளையின் ஓரம் நேராகவும் வழவழப்பாகவும் இருந்தால் வளையம் தலையோடு ஒட்டி உட்காரும், வெளிச் சத்தம் உள்ளே வராது. ஓரம் பிசிறடித்தால் அந்தப் பிசிறு வழியாகவே டொக் வந்துவிடும்.

கத்தரிக்கோலால் வெட்டினான். எலி கடித்தது போல வந்தது. புது பிளேடு போட்டான். பிளேடு போகிற பக்கமெல்லாம் ஸ்பாஞ்சும் கூடவே இழுபட்டுப் போய், பிளேடை எடுத்ததும் பழைய இடத்துக்குத் திரும்பி, வட்டத்தைக் கோணல் முட்டையாக்கியது. சமையலறை டம்ளர் ஒன்றின் விளிம்பைத் தீட்டி அழுத்தினான். ஸ்பாஞ்சு பணிவாக அமுங்கியது. கையை எடுத்ததும் ஒன்றும் நடக்காதது போல எழுந்து நின்றது. கடைசியாக ஓர் இரும்புக் குழாயை அடுப்பில் காய்ச்சிக் குத்தினான். துளை விழுந்தது. ஓரமெல்லாம் உருகிக் கறுத்து, காதைக் கீறும் பக்குவத்தில் காய்ந்துபோனது. வீடே நாறியது.

"டம்ளர் போச்சு, சோபாவுல ஒரு குஷன் போச்சு" என்றாள் அவன் மனைவி. "அடுத்து என் தலையணைதானே? சொல்லிடுங்க, நான் ஒளிச்சு வைக்கிறேன்."

அண்ணன் மனைவியைப் பெரியவள் என்றும் தம்பி மனைவியைச் சின்னவள் என்றுமே வீட்டில் கூப்பிடுவார்கள். கணவன்மாரின் சண்டையில் அவர்களுக்கு நம்பிக்கை கிடையாது. கொல்லையில் குழாயும் துணிக்கொடியும் பொதுவாக இருந்ததால், இந்தப் பக்கத்துச் செய்திகள் எல்லாம் அந்தப் பக்கமும், அந்தப் பக்கத்துச் செய்திகள் இந்தப் பக்கமும் ஈரம் காயாமல் போய்ச் சேர்ந்துவிடும். மறுநாள் துணி காயப்போடும்போது சின்னவள் ஒரு ஸ்பாஞ்சுத் துண்டையும், அளவுக்காகக் கணவன் வெட்டிய கோணல் முட்டையையும் பெரியவளிடம் நீட்டினாள்.

"அக்கா, ஓட்டை போடறதுதானே மாமாவுக்குத் தொழில்? இதுல ஒண்ணு போட்டுக் குடுக்கச் சொல்லுங்க. யாருக்குன்னு சொல்லாதீங்க."

"யாருக்குன்னு தெரியாம இருக்க அவர் என்ன குழந்தையா?" என்றாள் பெரியவள். "குடு. வெளியில ஒரு பார்ட்டின்னு சொல்றேன்."

அண்ணன் துண்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கூடவே வந்திருந்த கோணல் முட்டையையும் பார்த்தார். ஒரு வாரமாகச் சுவருக்கு அப்பால் நடந்த வதம் எதற்கென்று அவருக்கு இப்போது விளங்கியது. "இந்தப் பார்ட்டிக்குக் கை எங்க இருக்கு, கால்ல வெட்டியிருக்கான்" என்று சொல்லிவிட்டு, பிரஸ்ஸில் வட்டமாக வெட்டும் அச்சை மாட்டினார். ரப்பரையும் தக்கையையும் தகரத்தையும் துளைத்த அச்சுக்கு முன் இந்த ஸ்பாஞ்சு எம்மாத்திரம்? ஒரே அடி.

எடுத்துப் பார்த்தால், மேலே சரியான அளவு, கீழே சரியான அளவு, நடுவில் மட்டும் இடுப்பு ஒடுங்கிப்போன ஒரு துளை. அழுத்தும்போது ஸ்பாஞ்சு அப்பளமாக நசுங்கிவிடுகிறது. நசுங்கிய நிலையில் வெட்டுப்பட்டது, விரியும்போது தன் இஷ்டத்துக்கு விரிகிறது. இன்னொரு அடி அடித்தார். இன்னொரு இடுப்பு.

அது சின்னவள் வழியாகத் தம்பி கைக்கு வந்தது. ரப்பர் வாசனை அடித்தது. யார் வெட்டியது என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் கேட்டான்.

"யாரு வெட்டினா இதை?"

"தெரிஞ்ச ஆளு ஒருத்தர்."

"தெரிஞ்சவர் வெட்டின மாதிரி இல்லையே. அந்தத் தெரிஞ்ச ஆளுகிட்ட சொல்லு, எனக்குக் காது மேலயும் கீழயும் மட்டும் இல்ல, நடுவுலயும் இருக்குன்னு."

அன்று முதல் தம்பி வீட்டில் அண்ணனின் பெயர் தெரிஞ்ச ஆளு, அண்ணன் வீட்டில் தம்பியின் பெயர் பார்ட்டி. இருவருக்கும் இருவரையும் தெரியும். தெரியாது என்று நடிப்பதிலும் இருவரும் ஒற்றுமையாக இருந்தார்கள். நடிப்பு என்று வந்த பிறகு, இத்தனை காலம் வாய்க்குள் அடைத்து வைத்திருந்ததையெல்லாம் பார்ட்டிக்கும் தெரிஞ்ச ஆளுக்கும் தாராளமாகச் சொல்லியனுப்பலாம் என்பதையும் கண்டுகொண்டார்கள்.

"அந்தப் பார்ட்டி ஸ்பாஞ்சு வாங்கறப்போ கண்ணைத் திறந்து வாங்கணும். இது பாத்திரம் தேய்க்கிற சரக்கு" என்பார் அண்ணன். பெரியவள் அதைத் துணிக்கொடிக்குக் கொண்டுபோய், "கொஞ்சம் நல்ல ஸ்பாஞ்சா இருந்தா இன்னும் அழகா வருமாம்" என்பாள். சின்னவள் அதை உள்ளே எடுத்துப்போய், "உங்களுக்கு எதையும் அழகா செய்யத்தான் பிடிக்கும்னு அவருக்குத் தெரியுதாம்" என்பாள். தம்பி சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புவான். பிறகு நல்ல ஸ்பாஞ்சு வாங்கி வருவான்.

நல்ல ஸ்பாஞ்சு இன்னும் மெத்தென்று இருந்தது. ஆகவே இன்னும் மோசமாக வெட்டுப்பட்டது. அண்ணன் இரண்டு பலகைக்கு நடுவே வைத்து இறுக்கிப் பார்த்தார். அச்சை மாற்றிப் பார்த்தார். வாஷர் வேலை அப்படியே கிடக்க, பிரஸ்ஸுக்கு முன் உட்கார்ந்து ஒரு ஸ்பாஞ்சுத் துண்டை விரலால் அமுக்குவதும் விடுவதுமாக இருந்தார். தொழிலில் இத்தனை வருஷம் ஆகி, ஊதினால் பறக்கிற ஒரு பொருளிடம் தோற்பதை அவரால் தாங்க முடியவில்லை. அதுவும் பார்ட்டி யாரென்று தெரிந்திருக்கும்போது.

அடுத்த துண்டும் இடுப்போடு வந்ததும் தம்பிக்குப் பொறுமை போய்விட்டது.

"அந்த ஆளுக்கு மெத்துன்னு எதுவும் சரிப்படாதுன்னு சொல்லு. மனசும் அப்படித்தான், கையும் அப்படித்தான். எல்லாம் கல்லு மாதிரி இருந்தாத்தான் அவருக்கு ஒத்து வரும். போய் இதை அப்படியே சொல்லு. ஒரு வார்த்தை மாத்தக் கூடாது."

சின்னவள் துணிக்கொடி வரை போவதற்குள் பாதி வார்த்தைகளை உதிர்த்துவிட்டாள். "கல்லு மாதிரி கெட்டியா இருந்தா உங்க வீட்டுக்காரருக்கு வெட்ட வருமான்னு கேக்கறார் அக்கா" என்றாள். பெரியவள் அதையும் சலித்து, "பார்ட்டி ஒரு யோசனை சொல்லுது. ஸ்பாஞ்சைக் கெட்டியாக்கிட்டு வெட்டினா என்னன்னு" என்றாள்.

அண்ணன் வாயில் வைத்த டீயை இறக்கி வைத்தார். ஸ்பாஞ்சை எப்படிக் கெட்டியாக்குவது? கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். பிறகு எழுந்து, ஸ்பாஞ்சைத் தண்ணீரில் நனைத்து, பாதி பிழிந்து, ஒரு தட்டில் நெளிவில்லாமல் பரப்பி, சமையலறைக்குள் போய் ஃப்ரிட்ஜின் ஐஸ் அறையைத் திறந்தார்.

"அதுல சட்னி இருக்கு" என்றாள் பெரியவள்.

"சட்னியை எடு" என்றார்.

மறுநாள் ஸ்பாஞ்சு பலகை போல வெளியே வந்தது. விரலால் தட்டினால் டங் என்றது. அண்ணன் அதை பிரஸ்ஸில் வைக்கவில்லை. அடித்தால் நொறுங்கும் என்று அவருக்குப் பட்டது. சரியான அளவில் ஒரு குழாயை எடுத்து, வாயை உட்புறமாகத் தீட்டி, ஸ்பாஞ்சின் மேல் நட்டமாக நிறுத்தி, மெதுவாகத் திருகினார். ஐஸ் தூள் பொலபொலவென்று உதிர்ந்தது. குழாய் மறுபக்கம் வந்ததும், உள்ளே சிக்கிய வட்டத்தைப் பெருவிரலால் தள்ளினார். நாணயம் போல விழுந்தது.

துளை நேராக நின்றது. மேலே எந்த அளவோ நடுவிலும் அதே அளவு, கீழேயும் அதே அளவு. ஐஸ் உருகி, வெயிலில் காய்ந்து, ஸ்பாஞ்சு மறுபடி மெத்தென்று ஆன பிறகும் வட்டம் வட்டமாகவே இருந்தது. ஓரத்தில் விரலை ஓட்டினால் ஒரு பிசிறு தட்டவில்லை. அண்ணன் அந்தத் துளை வழியாகப் பெரியவளைப் பார்த்தார்.

"இந்த யோசனை எனக்கு வரலை பாரு" என்றார். "சின்ன வயசுலயே அவன் மூளைக்காரன்." பார்ட்டி என்று சொல்ல மறந்துவிட்டார்.

தான் திட்டியனுப்பியதற்குப் பதிலாக இப்படி ஒரு ஜோடி வளையம் வந்து சேர்ந்ததும் தம்பி திகைத்துவிட்டான். இரண்டு வளையத்தையும் மரக் கிண்ணங்களில் ஒட்டி, தலையில் மாட்டினான். உலகம் அணைந்தது. பிரஸ் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. எழுந்துபோய்ச் சுவரில் கையை வைத்துப் பார்த்தான். சுவர் அதிர்ந்துகொண்டிருந்தது, காதில் ஒன்றுமில்லை. "என்ன திட்டினாலும் இந்தக் கை வேற யாருக்கும் வராது" என்று மனைவியிடம் சொன்னான். ஹெட்போனைக் கழற்றாமல் சொன்னதால் கத்திச் சொன்னான். ஆனால் அந்த நேரம் பிரஸ் ஓடிக்கொண்டிருந்ததால் அது போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை.

அண்ணனுக்கு மனது இளகிவிட்டது. இரண்டு நாள் தாங்கினார். மூன்றாம் நாள், பெண்கள் இருவரும் காய்கறி வாங்கப் போயிருந்த காலை வேளையில், பிரஸ்ஸை நிறுத்தினார். முகம் கழுவி, நல்ல சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு, வாசல் வழியாகச் சுற்றித் தம்பியின் வீட்டுக்குப் போனார். கதவு திறந்திருந்தது. தம்பி முதுகைக் காட்டி உட்கார்ந்து தட்டச்சு செய்துகொண்டிருந்தான். தலையில் அவர் வெட்டிய வளையம். அதைப் பார்க்கவே பெருமையாக இருந்தது.

"தம்பி" என்றார்.

தம்பி திரும்பவில்லை. அவன் காதில் ஒரு கம்பெனித் தலைவர் ஊழியர்களின் ஒற்றுமை பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

"டேய் தம்பி, அண்ணன் வந்திருக்கேன்டா."

"வந்துட்டாருய்யா பெரிய இவரு" என்றான் தம்பி, திரையைப் பார்த்தபடி. பேசி முடித்த தலைவரைப் பதிவில் மறுபடி பேசக் கூப்பிட்டிருந்தார்கள்.

அண்ணனுக்கு ஒரு கணம் கால் பின்வாங்கியது. என்றாலும் இத்தனை நாள் தான் பேசாமல் இருந்ததை மனதில் வைத்துப் பேசுகிறான், சின்னவன்தானே என்று பொறுத்துக்கொண்டார். "நடந்தது நடந்து போச்சு. ரெண்டு பேரும் மறந்துடலாம்" என்றார், எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கும் குரலில்.

"எத்தனை தடவை இதையே சொல்லுவ? உன் ஒற்றுமை எனக்குத் தெரியாதா? போதும், நிறுத்து" என்றான் தம்பி. சிரிக்க வேறு செய்தான்.

அண்ணன் நிறுத்தினார். வந்த வழியே திரும்பிப் போனார். தலையில் ஹெட்போன் இருந்ததை அவர் கவனிக்காமல் இல்லை. ஆனால் தெருமுனை வரை போகும் தன் குரலை இரண்டு துண்டு ஸ்பாஞ்சு தடுத்துவிடும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

பெண்கள் திரும்பியபோது பிரஸ் முன்னெப்போதும் இல்லாத வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நல்ல சட்டையோடு ஏன் மெஷின் ஓட்டுகிறார் என்று பெரியவள் கேட்டதற்கு அண்ணன் இன்னொரு டொக் போட்டார். எரிச்சலில் அவர் போட்ட டொக்குகளில் சுவர்ச் சுண்ணாம்பு பெயர்ந்து தம்பியின் மேஜையில் விழுந்தது. தம்பி அதை ஊதிவிட்டு நிம்மதியாக வேலை பார்த்தான்.

இரண்டு நாள் கழித்து அவன், "தெரிஞ்ச ஆளுக்கு ரொம்ப நன்றி சொல்லு. அருமையான வேலை" என்று சின்னவளிடம் சொல்லியனுப்பினான். இதில் சலிக்க ஒன்றும் இல்லாததால் அது முழுசாகவே போய்ச் சேர்ந்தது.

"நன்றியா?" என்று அண்ணன் எழுந்தார். "வீடு தேடிப் போனவனைப் போதும் நிறுத்துன்னு சொல்லிட்டு, பின்னாடி நன்றியா?" நடந்த முழுவதும் அப்போதுதான் அவர் வாயிலிருந்து வந்தது. பெரியவள் ஓடிப்போய்ச் சின்னவளிடம் சொன்னாள். சின்னவள் ஓடிப்போய்க் கணவனின் தலையிலிருந்து ஹெட்போனைப் பிடுங்கிச் சொன்னாள்.

தம்பி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான். "அண்ணன் வந்தாரா? இங்கயா?" என்று வாசலையே பார்த்தான். அவர் வந்து கூப்பிட வேண்டும் என்று எத்தனை நாள் அந்தப் பக்கம் காதை வைத்துக்கொண்டிருந்தான் என்பது சின்னவளுக்குத்தான் தெரியும். ஹெட்போனைக் கையில் எடுத்துக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல் பட்டறைக்கு ஓடினான்.

அண்ணன் அவனைப் பார்த்தார். மெஷினை நிறுத்தவில்லை.

"அண்ணா, எனக்குக் கேக்கலண்ணா!" என்று கத்தினான் தம்பி. டொக்.

"காது கேக்கல!" டொக். அண்ணனின் கண் சிவந்தது. பாதிதான் அவருக்குக் கேட்டது. அந்தப் பாதி, விசேஷத்தில் அவர் கேட்கத் தவறிய அதே காதுப் பேச்சு.

"பட்டறைக்குள்ளயே வந்து என் காதைப் பத்திப் பேசறியா?" என்று அவரும் கத்தினார்.

"உன் காது இல்லண்ணா!" டொக். "என் காது!" டொக்.

பெரியவள் இதற்கு மேல் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. நேராகப் போய் மெயின் சுவிட்சை இறக்கினாள். பிரஸ் பாதி வழியில் நின்றது. விசிறி நின்றது. தெருவே திடீரென்று அமைதியானது. தம்பிக்கு அது தெரிவதற்குள், நெஞ்சு நிறைய இழுத்த மூச்சு வெளியே வந்துவிட்டது:

"நான்தான் செவிடு!"

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நின்றார்.

அண்ணன் கையைத் துணியில் நிதானமாகத் துடைத்தார். முகத்தில் எதுவும் காட்டவில்லை.

"என்னது?" என்றார். "இன்னொரு தடவை சொல்லு. சரியா கேக்கல."

தம்பி சைக்கிள்காரரைப் பார்த்தான். தலையைக் குனிந்தான். "நான்தான் செவிடுண்ணா" என்றான்.

"அப்படிச் சொல்லாத. சின்ன வயசு, நல்லாத்தான் கேக்கும்" என்றார் அண்ணன், பெருந்தன்மையாக. பிறகு ஹெட்போனை வாங்கித் தன் தலையில் மாட்டிக்கொண்டு, சுவிட்சைப் போடச் சொல்லி மனைவிக்குச் சைகை காட்டினார். பிரஸ் ஓடியது. அவர் கண்கள் மெல்ல விரிந்தன. தம்பியைக் கத்தச் சொன்னார். அவன் வாய் அசைவதுதான் தெரிந்தது. தன் குரலைச் சோதிக்கத் தானே ஒரு தடவை "தம்பி" என்று கத்தினார். அதுவும் எங்கோ தூரத்தில் இருப்பவர் கூப்பிட்டது போல இருந்தது. தன் குரல் நின்றுபோனதில் அவருக்கு வருத்தம்தான். ஆனால் அதை நிறுத்தியது தான் வெட்டிய வளையம் என்பதால் வருத்தம் நீடிக்கவில்லை.

பேச்சு திரும்பிவிட்டது. பெண்கள் இருவரும் நிம்மதியாக இருக்கலாம் என்று நினைத்தார்கள். ஒரு வாரம் இருந்தார்கள்.

அண்ணன் தனக்கும் ஒரு ஹெட்போன் வேண்டும் என்றார். தம்பி செய்து தருகிறேன் என்றான். வளையத் துளை எந்த அளவு என்பதில் பிரச்சினை வந்தது. தன் காது பெரியது, துளையும் பெரிதாக வேண்டும் என்றார் அண்ணன். பெரிதானால் சத்தம் கசியும் என்றான் தம்பி. "எனக்கு ஓட்டை போடச் சொல்லித் தர்றியா?" என்றார் அவர். "ஐஸ்ல வைக்கற யோசனை யார் குடுத்தது?" என்றான், தன் திட்டு யோசனையாகிப்போன கதையைச் சின்னவளிடம் கேட்டிருந்த இவன். இதெல்லாம் இப்போது நேருக்கு நேராக நடந்தது. நடுவில் சலிக்க ஆளில்லாததால், சொன்னது சொன்னபடியே போய் விழுந்தது. காலையில் முறைத்துக்கொண்டு, டீ நேரத்தில் ராசியாகி, மாலைக்குள் மறுபடி முறைத்துக்கொண்டார்கள்.

கொல்லையில் துணி காயப்போட்டபடி இரண்டு பெண்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பேசாம இருந்தப்ப எவ்வளவு மரியாதையா பேசிக்கிட்டாங்க, பாத்தீங்களா அக்கா" என்றாள் சின்னவள்.

பெரியவள் போர்வையின் ஒரு முனையை அவளிடம் கொடுத்தாள். "முதல்ல அவரை ஃப்ரிட்ஜைக் காலி பண்ணச் சொல்லணும். மூணு தட்டு ஸ்பாஞ்சு வச்சிருக்கார். பால் வைக்க இடமில்ல."

"எங்க ஃப்ரிட்ஜுல வைங்க."

"அங்கயும் ரெண்டு தட்டு வச்சுட்டார்டி, நேத்தே" என்றாள் பெரியவள். இருவருமாகப் போர்வையை உதறிக் கொடியில் போட்டார்கள்.